மீட்டர் மேல் ஒட்டிய கறுப்பு டேப்

ஜூன் 2, ஞாயிறு

கோகிலாவின் அண்ணன் லோகநாதன் உடுமலையிலிருந்து வந்து, மூன்று டம்ளர் காப்பி குடித்து, என் நிம்மதியைக் கெடுத்துவிட்டுப் போனார். அவருடைய புதுக் கார் லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் கொடுக்கிறதாம். உங்க வண்டி எவ்வளவு மாப்ள என்று கேட்டார். பதினாலு என்றேன். (பன்னிரண்டரைதான். அது வேறு விஷயம்.) பழைய வண்டிதானே, அவ்வளவுதான் வரும் என்று ஆறுதலாக என் தோளைத் தட்டினார்.

பம்புசெட் கம்பெனியில் இருபத்தேழு வருஷமாகத் தரக்கட்டுப்பாடு பார்ப்பவன் நான். மயிரிழை கூடக் குறைய இருந்தாலும் சென்னியப்பன் கண்ணில் தப்பாது என்று பட்டறையில் ஒரு பேர் இருக்கிறது. அந்தத் தோளைத் தட்டுவதா? ஆவணியில் உங்கள் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு இதே வண்டியில்தான் வருவேன், இருபது காட்டுவேன் என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது.

போண்டாத் தட்டோடு நின்றிருந்த கோகிலா கேட்டாள்: "வரலீன்னா?"

"வரலீன்னா வண்டிச் சாவிய உன் கையில குடுத்தர்றேன், போ."

லோகநாதன் சிரித்தார். நானும் சிரித்தேன். கோகிலா தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

வண்டி வாங்கிய நாளிலிருந்து ஓட்டிப் பழகுகிறேன் என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். அவளுடைய அம்மாவுக்குக் கண் சரியில்லை. சோமனூர் போய் அவரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வர ரெண்டு பஸ் மாற வேண்டியிருக்கிறது என்று ஒரு காரணமும் வைத்திருக்கிறாள். நானும் முகம் சுளிக்காமல் ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறேன்: எங்கே போகணும்னு சொல்லு, நானே கூட்டிட்டுப் போறேன். இதைவிட ஒரு புருஷன் என்ன செய்துவிட முடியும்? கூட்டிப்போக நேரம் அமையவில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 9, ஞாயிறு

பெட்டி வந்துவிட்டது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு திருகு, பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்கள்.

விஷயம் இதுதான். வண்டியின் புகைக் குழாயில் ஆக்சிஜன் சென்சார் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதன் வேலை புகையை மோந்து பார்ப்பது. பெட்ரோல் ஜாஸ்தியா, காற்று ஜாஸ்தியா என்று வண்டியின் கம்ப்யூட்டருக்கு மின்சாரத்தில் சொல்லும். பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று பதினாலு புள்ளி ஏழு பங்கு இருக்க வேண்டும் என்பது கணக்கு. என் பெட்டி இந்தச் சென்சார் வயருக்கு நடுவில் உட்கார்ந்துகொள்ளும். சென்சார் என்ன சொன்னாலும் அதைக் கொஞ்சம் ஏற்றி, 'ஐயோ, பெட்ரோல் ஜாஸ்தி' என்று கம்ப்யூட்டரிடம் போட்டுக்கொடுக்கும். கம்ப்யூட்டர் நம்பிப் பெட்ரோலைக் குறைக்கும். பொய்தான். ஆனால் யாருக்கும் கெடுதல் இல்லாத பொய்.

மெக்கானிக் அபுதாகிரிடம் மாட்டச் சொன்னேன். எதுக்குங்க சார் நல்லா ஓடுற வண்டிக்கு என்று தலையைச் சொறிந்தான். விளக்கினேன். பாதியிலேயே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டான்.

வண்டியின் கம்ப்யூட்டரோடு போனைச் சேர்க்க ஒரு பிளக்கும் வாங்கியிருக்கிறேன். சென்சார் துடிப்பதைத் திரையில் கோடாகப் பார்க்கலாம். ஏழாம் எண்ணில் வைத்து சரவணம்பட்டி வரை போய் வந்தேன். வண்டி ரெண்டு இடத்தில் திக்கியது. நல்ல அறிகுறி. பெட்ரோல் குறைகிறது என்று அர்த்தம்.

ஜூன் 16, ஞாயிறு

டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறது. இன்ஜினைக் கவனி என்கிறது. கவனித்துக்கொண்டுதானே இருக்கிறேன்?

இன்னொன்றும் இன்று முடிவு செய்தேன். வண்டியில் ஓடும் கிலோமீட்டர் கணக்கை இனி நம்பப் போவதில்லை. டயர் தேயத் தேய அந்த மீட்டர் கூட்டிக் காட்டும். கம்பெனிக்காரனே கொஞ்சம் கூட்டி வைத்துத்தான் விற்பான். என் போன் சாட்டிலைட்டைப் பார்த்து அளக்கிறது. பிளக்கோடு போன் சேர்ந்திருக்கும்போது ஓடும் தூரம்தான் இனி என் கணக்கு. நான் போனில்லாமல் வண்டி எடுப்பதில்லை, என்னைத் தவிர வேறு யாரும் எடுப்பதும் இல்லை. பிசகவே முடியாது.

பார்த்தால்தானே மனசு குழம்பும் என்று கிலோமீட்டர் கணக்கின் மேல் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டிவிட்டேன். மிச்சமிருந்ததை மஞ்சள் விளக்கின் மேல் ஒட்டினேன்.

ஜூன் 20, வியாழன்

கோகிலா காலையில் தையல் கிளாஸ் போகிறாள். எங்கள் ஏரியா கணபதியிலேயேதான். நல்ல பொழுதுபோக்கு. நான் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் கிளம்புகிறாளாம்.

ராத்திரி தோசை வார்த்துக்கொண்டே, வண்டி ரெண்டாவது கியர்ல ரொம்பத் திக்குதுங்க என்றாள். பால்கனியிலிருந்து கேட்டிருப்பாள். சின்ன வயசில் பாட்டுக் கற்றவள், காது கூர்மை.

ஜூன் 30, ஞாயிறு

தலை சுற்றுகிறது. டேங்க் நிறைய அடித்து, ஓட்டி, மறுபடி நிறைய அடித்துக் கணக்குப் பார்த்தேன். லிட்டருக்கு ஒன்பது. பன்னிரண்டரை கொடுத்த வண்டி ஒன்பது!

வார நாட்களில் நான் வண்டியைத் தொடுவதே இல்லை. சும்மா நிற்கிற வண்டியில் பெட்ரோல் எப்படிக் குறையும்? வாட்ச்மேன் மயில்சாமியைப் பிடித்து உலுக்கினேன். யாராவது டியூப் போட்டு உறிஞ்சுகிறார்களா என்று கேட்டேன். ஒரு சொட்டு யாரும் எடுக்கலீங்க சார், வண்டி பத்திரமா இருக்குது, ஒரு உரசல்கூட இல்லீங்க என்று சத்தியம் செய்தான். நான் உரசலைப் பற்றிக் கேட்கவே இல்லை. இவனுக்குப் பெட்ரோலுக்கும் பெயின்ட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. டேங்க் மூடிக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

அற்புதம். நேற்று ஆயில் மாற்ற அபுதாகிர் கடையில் விட்டிருந்தேன். நான் பஞ்சாயத்து ஒன்றில் மாட்டிக்கொண்டதால் கோகிலாதான் போய், எடுத்துக்கொள்ளலாமா என்று விசாரித்து வந்தாள். இன்று ஓட்டினால் வண்டி வெண்ணெய் மாதிரிப் போகிறது. திக்கல் கிடையாது. எல்லாம் நான் ஏழிலிருந்து நாலுக்குக் குறைத்ததன் பலன். காலையில் கிளம்பும் முன் குறைத்தேன்.

சும்மா விடவில்லை, சோதித்தேன். ஐந்தில் வைத்தால் சத்தத்தில் ஒரு கரகரப்பு. மூன்றில் வைத்தால் ஒரு சோம்பல். நாலில் வைத்தால் மட்டும் இன்ஜின் குஷியாக இருக்கிறது. இந்த நுணுக்கம் எல்லோர் கைக்கும் பிடிபடாது. பழகிய கை வேண்டும். அபுதாகிரிடம் போனில் சொன்னேன். நாலுலயே இருக்கட்டுங்க சார் என்றான். ஒத்துக்கொண்டான்!

ஜூலை 14, ஞாயிறு

லிட்டருக்கு எட்டரை.

ஜூலை 19, வெள்ளி

டிரைவர் சீட் தானாக முன்னே நகர்கிறது. போன வாரமும் இப்படித்தான், ஏறும்போது முட்டி ஸ்டீயரிங்கில் இடித்தது. சீட் ரயில் (சீட் நகர்கிற கம்பி) தேய்ந்திருக்கும். கிரீஸ் வைத்தேன்.

கோகிலாவுக்கு ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கவர் வந்திருந்தது. உள்ளே ஏதோ அட்டை. ஆதாரில் போட்டோ மாற்றினாளாம். வாங்கிப் பார்க்கக்கூட நேரமில்லை, சென்சார் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாமி ரூமில் வைத்துக் கும்பிட்டாள். ஆதாரை எதற்குக் கும்பிட வேண்டும் என்று தெரியவில்லை. அவளுக்குப் பக்தி ஜாஸ்தி.

ராத்திரி மாமியார் போன் பண்ணினார். ஆஸ்பத்திரி போய்விட்டு வந்தாராம், ஏசி ஜில்லுனு இருந்ததாம், அலுப்பே தெரியலீங்க மாப்பிள்ளை என்றார். இந்தக் காலத்து பஸ்ஸெல்லாம் அப்படி. இதைத்தான் கோகிலாவிடம் நான் தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சென்சார்தான் பொய் சொல்கிறது. புதுச் சென்சார் வாங்கி மாற்றினேன். கோடு முன்னைப் போலவே அழகாகத் துடிக்கிறது. மைலேஜ் எட்டு.

கிரகப்பிரவேசம் நெருங்குகிறது. லோகநாதன் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் இருபதைப் பற்றிச் சொல்லிவைத்திருக்கிறார். சாப்பிட மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். கோகிலா பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்தப் பெட்டியவே கேட்டுட்டு இருக்கறீங்களே, ஒரு தடவ என்னையும் கேளுங்களேன்."

காற்று-பெட்ரோல் கலவை பற்றி உன்னிடம் என்ன கேட்பது என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. நான் நாகரிகமானவன். சிரித்துவிட்டு, ரசம் இருக்கிறதா என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மாமியாருக்குக் கண் ஆபரேஷன் 21-ந் தேதி புதன்கிழமை வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு லீவு போட்டு வண்டியில் கூட்டிப்போக முடியுமா என்று கோகிலா கேட்டாள். ஆடிட் இருக்கிறதே என்றேன். உண்மை. வேண்டுமானால் டாக்ஸி பிடி என்றேன். சரிங்க என்று சொல்லிவிட்டாள். கோபமே இல்லை. முன்பெல்லாம் இப்படிப் பட்டென்று சரி சொல்ல மாட்டாள், பக்குவம் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

லோகநாதன் பத்திரிகை வைக்க வந்தார். கணக்கு நாணயமாக இருக்க வேண்டுமாம். இப்போதே டேங்கை நிறைத்துவிடலாம், கிரகப்பிரவேசத்தன்று எங்க ஊர் பெட்ரோல் பங்கில் மறுபடி நிறைத்துப் பார்த்துவிடலாம் என்றார். ஒத்துக்கொண்டேன். பங்கில் அவர் டேப்பை உரித்து மீட்டரைப் போட்டோ எடுத்தார். நான் கொள்கைக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உங்க பொய் மீட்டரை நீங்களே பாத்துக்குங்க மச்சான், எங்கிட்ட சாட்டிலைட் இருக்கு என்றேன். அவர் போட்டோ எடுத்த கையோடு டேப்பைத் திரும்ப ஒட்டினேன். பக்கத்தில் இருந்த டேப்பையும் தூக்கிப் பார்த்து, மஞ்சள் விளக்கே எரியலியே மாப்ள, எதுக்கு அதும்மேல டேப்பு என்றார். அந்த டேப்பையும் நன்றாக அழுத்தித் தேய்த்துவிட்டேன்.

ஆகஸ்ட் 21, புதன்

ஆடிட் தள்ளிப்போய்விட்டது. காலையிலேயே தெரிந்துவிட்டது. அதற்குள் வந்தாகிவிட்டது, திரும்பிப் போவானேன் என்று இருந்துவிட்டேன். கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்று, சேர்ந்து ரெண்டு மாசமான பையன்கள் ரெண்டு பேருக்குக் காற்று-பெட்ரோல் விகிதத்தை விளக்கினேன். ஆர்வமாகக் கேட்டார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். ஆடிட் எப்படிப் போச்சுங்க என்று கோகிலா கேட்டாள். நல்லாப் போச்சு என்றேன். எதற்கு அவள் மனசைக் கஷ்டப்படுத்த வேண்டும்?

ஆகஸ்ட் 30, வெள்ளி

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விடிவதற்கு முன்பே கிளம்பி உடுமலை போய்விட்டோம். வண்டி அருமையாகப் போனது, நாலாம் எண். ஹோமம், பால் காய்ச்சுவது, எல்லாம் முடிந்தது. மாமியார் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடு ஹாலில் உட்கார்ந்திருந்தார். பந்தியில் ஒருத்தர் மிச்சமில்லாமல் இருபதைப் பற்றிக் கேட்டார்கள். எனக்கு இட்லி இறங்கவில்லை.

சாப்பிட்டதும் லோகநாதன் என்னையும் கோகிலாவையும் ஏற்றிக்கொண்டு என் வண்டியிலேயே பங்குக்கு வந்தார். டேங்க் நிறைந்தது. பதினைந்து லிட்டரும் கொஞ்சமும். போனைப் பார்த்தேன். போன ஞாயிறு ஓட்டியது, இன்று ஓட்டியது எல்லாம் சேர்த்து நூற்றிப் பத்து கிலோமீட்டர். லிட்டருக்கு ஏழு. ஏழு! லாரிகூட அதற்குக் கொஞ்சம் பக்கத்தில்தான் வரும்.

லோகநாதன் என் போனைச் சட்டை செய்யவே இல்லை. குனிந்து டேப்பை உரித்தார், அன்றைக்கு எடுத்த போட்டோவைப் பார்த்தார், போனில் கணக்குப் போட்டார். மறுபடியும் போட்டார். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மாப்ள, இருபதரை வருது. நீங்க ஜெயிச்சுட்டீங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் பெட்ரோல் போட்ட பெண்ணுக்குக்கூட நன்றி சொன்னேன். நாலாம் எண் என்று கத்த வாயைத் திறந்தேன். லோகநாதன் மீட்டரையும் என் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முந்நூத்திச் சொச்சம் கிலோமீட்டர் ஓடியிருக்குதுங்க. உங்க போனு நூத்திப் பத்துங்குது. மிச்சம் இருநூறு ஆரு ஓட்டுனது?"

நான் கோகிலாவைப் பார்த்தேன். கோகிலா என்னைப் பார்த்தாள். புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள்.

சீட் ரயில், ஏசி பஸ், தையல் கிளாஸ், சாமி ரூமில் வைத்த அட்டை, வாட்ச்மேன் சொன்ன உரசல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் மண்டையில் வந்து உட்கார்ந்தன. இப்படி எழுதுவதால் எனக்கு முன்பே சந்தேகம் இருக்கவில்லை என்று ஆகாது. கொஞ்சம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

யோசிக்க நேரமில்லை. யாரும் ஓட்டவில்லை என்றால் என் கணக்கு ஏழுதான், பந்தயம் போச்சு, சாவி அவளுக்கு. இருபது வேண்டும் என்றால் அந்த இருநூறும் வேண்டும். அந்த இருநூறு அவளுடையது. ஒரு கணம்தான். ஊரே காத்திருக்கிறது.

"நாந்தான் ஓட்டச் சொன்னேன்" என்றேன். "டெஸ்டுக்கு. வேற வேற ஆள் ஓட்டிப் பாத்தாத்தான மச்சான் சரியான சராசரி கிடைக்கும்? தரக்கட்டுப்பாட்டுல அதுதான் முறை."

லோகநாதன் ஆச்சரியமாகத் தங்கையைப் பார்த்தார்.

"ஆமாங்ண்ணா, இவருதான் சொன்னாரு" என்றாள். என்னைக் காப்பாற்றிவிட்டாள் என்று நன்றியாகக்கூட இருந்தது. பிறகு என் பக்கம் கையை நீட்டினாள். "திரும்பிப் போறதும் டெஸ்டுதானுங்க?"

அண்ணனுக்கு முன்னால் என்ன சொல்ல முடியும்? சாவியைக் கொடுத்தேன்.

திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். ஏறி உட்கார்ந்ததும் சீட்டை முன்னே இழுத்தாள், டக்கென்று சத்தம். நான் வைத்த கிரீஸ் நன்றாக வேலை செய்கிறது. பொள்ளாச்சி ரோட்டில் ஒரு லாரியை ஓவர்டேக் செய்தாள். எனக்குப் பயமே இல்லை. கால் மட்டும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. கியர் மாறுவது தெரியவில்லை. ஆக்சிலேட்டரில் கால் இருப்பதே தெரியவில்லை. நன்றாக ஓட்டுகிறாள். என்னைவிட நன்றாக ஓட்டுகிறாள். இதை இங்கே மட்டும்தான் எழுதுவேன்.

கிணத்துக்கடவு தாண்டியதும், ஆபரேஷனுக்கும் இதில்தான் போனீர்களா என்று கேட்டேன்.

"ஆமாங்க. உங்க கம்பெனி வழியாத்தான் போனோம். எதுத்தாப்புல டீக்கடையில நின்னு பேசிட்டு இருந்தீங்க. ஹாரன் அடியேன்னு அம்மா சொன்னாங்க. வேண்டாம்னுட்டேன்."

ஆடிட் திடீரென்று தள்ளிப்போனதை விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள். மூன்றாவது கியரிலிருந்து நாலாவதுக்கு மாற்றினாள். வெட்கமாக இருந்தது. கோயமுத்தூர் வரும்வரை சென்சார் கோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

லோகநாதனும் அந்தப் பெட்டி ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மாடல் நம்பர் பார்க்கலாம் என்று பானெட்டைத் திறந்தேன். பெட்டி இருந்தது. திருகும்போதெல்லாம் எண்ணை மட்டும் பார்த்தவன், இன்றுதான் பின்பக்கம் பார்த்தேன். அதிலிருந்து வந்த ரெண்டு வயரும் எதிலும் சேராமல், நுனியில் டேப் சுற்றி, ஓரமாக மடித்துக் கட்டப்பட்டிருந்தன. சென்சார் வயர் நேராகப் பழையபடி போய்க்கொண்டிருந்தது.

அபுதாகிரிடம் போன் பண்ணிக் கேட்டேன். ஆயில் மாத்துன அன்னிக்கே அம்மா கழட்டச் சொல்லிட்டாங்க சார், வண்டி திக்குது, பெரியவங்கள ஏத்திட்டுப் போறப்ப நடு ரோட்டுல நின்னா என்ன பண்றதுன்னாங்க என்றான். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். நாலுல பிரமாதமா ஓடுதுன்னு அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க சார் என்றான்.

லோகநாதனுக்கு மாடல் நம்பரை அனுப்பிவிட்டேன். நாலில் வைக்கச் சொல்லி இருக்கிறேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

சரவணம்பட்டியில் பழைய சிநேகிதன் ஒருத்தனைப் பார்த்து ரொம்ப நாளாகிறது. பத்து மணிக்குக் குளித்துக் கிளம்பி, ஆணியில் தொங்கும் சாவியை எடுக்கப் போனேன். ஆணி மட்டும் இருந்தது. கோகிலா கைப்பையில் வைத்திருக்கிறாளாம்.

வண்டிச் சாவி கொடு என்று கேட்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். குரலில் கேலி கொஞ்சமும் இல்லை. ரொம்ப அன்பாகத்தான் சொன்னாள்.

"எங்க போகணும்னு சொல்லுங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

இந்த வாரம் அவளுக்கு நேரமில்லையாம். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாள்.